அடிப்படை ஊதியமும் பெர்சிஸின் வயதும்

பட்டான்செரு தொழிற்பேட்டையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் பெர்சிஸுக்குப் பதினேழு ஆண்டுகளாக வயது முப்பது. அந்தத் தொழிற்சாலையில் குறைந்தபட்ச ஊதியம் வாங்கிய எல்லோருக்கும் அப்படித்தான் வயது நின்றுபோயிருந்தது. காரணம் எளிது. அந்த ஊதியத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. அடிப்படை விகிதத்தை ஐந்தாண்டுக்குள் ஒருமுறை அரசு திருத்த வேண்டும். திருத்தவில்லை, உடம்பும் நின்றுவிட்டது. பஞ்சப்படியோ விலைவாசியைப் பார்த்து ஏப்ரலிலும் அக்டோபரிலும் நகரும். ஆகவே அந்த இரு மாதங்களில் மட்டும் அவர்களுக்கு முடியும் நகமும் வளர்ந்தன. கடைத்தெரு முடிதிருத்துநர்கள் மற்ற மாதங்களில் ஊருக்குப் போய்வரப் பழகிக்கொண்டார்கள்.

நிர்வாகத்துக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. "வயசே ஆகாத ஆளுக்கு என்னம்மா செலவு? கண்ணாடி வேணுமா, மருந்து வேணுமா?" என்றார் மேலாளர் சீதாராமன்.

"எனக்கு ஆகலை சார். அரிசிக்கு ஆகுது, வீட்டு வாடகைக்கு ஆகுது," என்றாள் பெர்சிஸ்.

அவளுடைய உண்மையான கவலை மகள் ஜூடித். பள்ளிக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் இந்த விகிதம் பொருந்தாததால் ஜூடித் தடையின்றி வளர்ந்து இருபத்தொன்பதைத் தொட்டிருந்தாள். பெண் பார்க்க வந்த சிகந்திராபாத் ஆன்ட்டி, பெர்சிஸையே மணப்பெண் என்றெண்ணித் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டார்.

"மம்மி, இன்னும் ரெண்டு பர்த்டே போனா நான் உனக்கு அக்கா. ப்ளீஸ், சீக்கிரம் கிழவியாகு!"

பெர்சிஸ் ஒரு தர்ணாவையும் விடவில்லை. கடைசியில் புதிய விகிதத்துக்கான வரைவு அறிவிப்பு வந்தது. வரைவு என்றால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாத அவகாசம் உண்டு. எனவே நரை வந்தது, ஆனால் தலைக்குக் குளித்தால் போய்விட்டது. அந்த இரண்டு மாதமும் பெர்சிஸ் தலையில் தண்ணீர் படவிடவில்லை.

இறுதி அறிவிப்பு வந்த காலையில் வருடங்களும் வந்தன. விலைவாசி ஏறிய அளவுக்கு விகிதம் ஏறாததால் பதினேழும் வரவில்லை, பதினொன்றுதான் வந்தன. கண் மங்கியது, முட்டி வலித்தது. மாடிப்படியில் ஜூடித் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள்.

மறுநாள் பெர்சிஸ் புதுக் கண்ணாடியோடு கிளம்பினாள்.

"எங்க போறே மம்மி?"

"லேபர் ஆபீசுக்கு. இன்னும் ஆறு வருஷம் தரணுமே."

"இந்த முட்டியோடவா? நக்கோ மம்மி, வேண்டாம், ரெஸ்ட் எடு."

"போடி. போராடி வாங்கின வலி. வீட்டுல சும்மா வச்சுக்கிறதுக்கா?"

ஷேர் ஆட்டோவில் அவளைப்போலவே பாதி நரைத்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.