ஏற்றத்தில் திணறிய கார்

அப்பா இறந்த மறுவாரம், அவருடைய பழைய காரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு மகள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். கண்ணாடி அவ்வளவு கனம்.

"ரிப்பேர் அப்புறம் பார்க்கலாம்ண்ணே. என்னாலதான் கெட்டுச்சான்னு மட்டும் சொல்லுங்க."

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் உடனே கிடைக்கவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கிளப்பிய உடனேயே இன்ஜினுக்குள் டக் டக் என்று சத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றத்தில் வண்டி திணறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கித் தள்ளினார்கள். "செகண்ட் கியர் போடும்மா," என்றார் அப்பா. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அடக்கம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தம்பி சொன்னான்: "கியரை மாத்திப் போட்டு இன்ஜினை அலற விட்டிருப்ப. நீ ஒழுங்கா ஓட்டியிருந்தா..." முழுசாகச் சொல்லாமலே போய்விட்டான். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை.

சோடாபுட்டி இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். மெல்லிய இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினார். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. ஒன்று மட்டும் நொண்டி நொண்டி நின்றது.

"இதுதான் புஷ் ராடு. இது கீழேயிருந்து தள்ளினாத்தான் மேல வால்வு திறக்கும். இது வளைஞ்சுபோச்சு."

"நான் அலற விட்டதாலயா?"

"அப்படின்னா நாலஞ்சு கம்பியாவது வளைஞ்சிருக்கும். ஒண்ணுதானே? இரு, வால்வைப் பார்ப்போம்." சின்னச் சுத்தியலால் வால்வின் தலையில் தட்டினார். கஷ்டப்பட்டு இறங்கியது, இறங்கியது ஏறவில்லை. "பிசின் மாதிரி ஒட்டியிருக்கு. ரொம்ப நாள் ஓட்டாம நிறுத்தினா பழைய பெட்ரோல் இப்படிப் பண்ணும். வால்வு அசையலேன்னா கம்பி என்ன பண்ணும், வளைஞ்சுதானே ஆகணும்? உன் மேல தப்பே இல்லம்மா."

அவள் முகம் தெளியவில்லை.

"நான்தாண்ணே நிறுத்தி வச்சேன். அவருக்குக் கண்ணு மங்கிடுச்சு. எங்கேயாவது மோதிடுவாரோன்னு சாவியை எடுத்து ஒளிச்சேன். 'ஓட்டலம்மா, சும்மா ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்'னு கெஞ்சினார். நான் தரல."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணியே எண்ணெய்த் துணி, இன்னும் மங்கிப்போனது.

"நானா இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்," என்றார்.

"அந்தக் கம்பியை நிமிர்த்த முடியாதா?"

"நிமிர்த்தலாம். திரும்ப அங்கேயே வளையும். புதுசுதான் போடணும்."

வால்வைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ராடு போட்டு, சாயங்காலம் வண்டியைக் கிளப்பினார். சத்தமே இல்லை. அவள் அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி மூச்சுவாங்காமல் ஏறியது. உச்சியில் ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதாள்.

அப்புறம் தம்பிக்குப் போன் போட்டாள். மெக்கானிக் சொன்னதைச் சொன்னாள். சாவியை ஒளித்ததையும் மறைக்கவில்லை.



"சாவியைப் பிடுங்கி வைன்னு உன்னைத் தினமும் நச்சரிச்சதே நான்தானேக்கா," என்றான். குரல் உடைந்துவிட்டது.  இருவரும் போனை வைக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான் கடைசியில்.

"இல்லடா," என்றாள்.