எந்தத் தூரத்துக்கும் தயார்

கார் விற்பனை விளம்பரத்தை அச்செடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, பாராட்டு கிடைக்காமல் நகர்வதில்லை என்று சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் புரொபசர். அடுப்பில் பால் இருந்தது. அதைச் சொன்னாலும் வழிவிட மாட்டார். இருபத்தேழு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் படித்தாள்.

"அறுபது வருஷப் பழமை வாய்ந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மடக்கும் கூரை. இரண்டே இருக்கைகள். கரும்பச்சை. ஒவ்வொரு திருகும் உரிமையாளரின் சொந்தக் கைகளால் கழற்றி மாட்டப்பட்டது. ஒன்பது வருடத் தவம். தகுதியானவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும். எந்தத் தூரத்துக்கும் தயார்."

ஒற்றுப்பிழை நாலு இருந்தது, திருத்தினாள். 'தவம்' என்பதை அடித்து 'உழைப்பு' என்று போட்டாள். அவர் பேனாவைப் பிடுங்கி மறுபடி 'தவம்' ஆக்கினார். கடைசி வரிக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"எந்தத் தூரத்துக்கும்னா?"

"எந்தத் தூரத்துக்கும்னுதான் அர்த்தம்."

"பெட்ரோல் பங்க்கைத் தாண்டி அது ஒரு நாளும் போனதில்லையே."

"போனதில்ல. போக முடியாதுன்னு யார் சொன்னா?" என்றார் அவர். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

புரொபசர் என்பது உதிரிபாகக் கடைக்காரர்கள் வைத்த பெயர். மின்சார அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஒரு வாஷர் வாங்கப் போனாலும் வாஷரின் பிறப்பு வளர்ப்பைக் கடைக்காரனுக்கு வகுப்பெடுத்துவிட்டுத்தான் வாங்குவார். தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே கடையில் ஆளாளுக்கு உள்ளே ஏதோ அவசர வேலை வந்துவிடும். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியது. மரியாதை என்று எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் கூடுதலாக நிமிர்ந்து நடந்தார். அவளும் மனசுக்குள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். அது மரியாதையா இல்லையா என்பதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் கிடையாது.

வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மகள் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாள். லிஃப்ட் உண்டு, அம்மாவின் வலிக்கிற முழங்காலுக்குத் தோதான வீடு. ஆனால் கார் நிறுத்த இடமில்லை. காரை விற்காமல் இங்கிருந்து ஓர் அடி நகர்வதில்லை என்பது அவர் கட்சி. அப்படியாவது விற்கிறாரா என்றால் அதுவும் இல்லை. வந்த ஆறு பேரையும் விரட்டிவிட்டார். ஒருவன் கதவை ஓங்கிச் சாத்தினான். ஒருவன் ஏசி மாட்ட முடியுமா என்று கேட்டுத் தொலைத்தான். ரப்பர் செருப்போடு வந்த ஒருவனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. குளிக்கப் போனால் வாளியில் கார்புரேட்டர் ஊறாத ஒரு குளியலறை, கட்டிலுக்கடியில் கியர் பெட்டி இல்லாத ஒரு படுக்கை, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் மகள். அறுபத்து மூன்று வயதில் இதைக்கூட ஒரு கார் அனுமதித்தால்தான் உண்டு என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

அந்தக் காரைச் 'சொந்தக் கைகளால்' மாட்டினார் என்பது உண்மைதான். கண்கள் அவளுடையவை. தகரக் கொட்டகையில் அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார், கையெல்லாம் கிரீஸ். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தடித்த ஆங்கில விளக்கப் புத்தகத்தை அவள் பத்தி பத்தியாகப் படித்துச் சொல்ல வேண்டும். "நீ படி, போதும். அர்த்தம் நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் பார்த்துக்கொண்ட அர்த்தத்தில் மூன்று தடவை பிரேக் எண்ணெய் ஒழுகியது, ஒரு தடவை கூரைத் துணி தலைகீழாகத் தைத்து வந்தது. ஒவ்வொரு தடவையும் தப்பு தையல்காரனுடையது, இல்லை புத்தகத்துடையது.

சக்கரம் மாட்டிய அன்றும் அப்படித்தான். அந்தக் காரின் கம்பிச் சக்கரங்களைச் சாதாரணக் கார் மாதிரி நாலைந்து நட்டு போட்டுப் பிடிப்பதில்லை. நடுவில் காது வைத்த பெரிய நட்டு ஒன்றே ஒன்று. செம்புச் சுத்தியலால் அந்தக் காதில் அடித்து இறுக்க வேண்டும். ஓட ஓடச் சக்கரமே தன் நட்டை இறுக்கிக்கொள்ளும்படி, சக்கரம் உட்காரும் ஹப்பில் இடப்பக்கத்துக்கு ஒரு விதமாகவும் வலப்பக்கத்துக்கு நேர் எதிராகவும் மரை வெட்டியிருப்பார்கள். காரின் பின்பக்கம் பார்த்து அடித்தால் இறுக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அவள் படித்தாள். வண்டிக்கடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"சக்கரம் முன்னாடிதானே சுத்துது? அப்ப முன்பக்கமா அடிச்சாதானே இறுகணும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அச்சுப் பிழை. உனக்குத் தெரியாததா?"

அச்சுப் பிழை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே பிழை மூன்று பக்கத்தில் ஒரே மாதிரி வராது, கூடவே படம் போட்டு அம்புக்குறியும் காட்டாது. சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் வாதம் நடக்கும், ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். அவர் இடப்பக்க ஹப்புகளை வலப்பக்கமும் வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாட்டி, வெள்ளைக்காரனுக்கே பாடம் எடுத்துவிட்ட பெருமையோடு எழுந்து வந்தார். அது நடந்து நாலு வருஷம். பங்க்குக்கும் வீட்டுக்கும் மாட்டு வண்டி வேகத்தில் போய் வந்ததில் ஒன்றும் கழன்று விழவில்லை. ஞாயிறுதோறும் நாலு நட்டையும் டங் டங் என்று அடிப்பார். இந்த மாதிரி வண்டியைக் கொஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெருவுக்கெல்லாம் சொல்வார்.

ஏழாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர். கூட இருபது வயது மகள். வந்தவர் டயரை ஓர் உதை விட்டார். கார் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ பார்த்திருப்பார் போல. பம்பரைக் குனிந்து பார்ப்பது மாதிரி அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டார்.

"இன்ஜின் ஒரிஜினலா, மாஸ்டர்?"

"இன்ஜின் மட்டுமா? இதோட ஆன்மாவே ஒரிஜினல், டாக்டர்."

இருவரும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் என்ற ஒரு வார்த்தையில் புரொபசர் விழுந்துவிட்டார். செருப்பைப் பார்க்கவில்லை, கதவைச் சாத்தும் விதத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதும் பேரம் முடிந்தது. அந்தப் பெண்ணோ வந்ததிலிருந்து போனை இறக்கவில்லை. கூலிங் கிளாஸ், தலைக்கு ஸ்கார்ஃப், புது வெள்ளைச் சட்டை என்று பயணத்துக்கென்றே உடுத்தி வந்திருந்தாள்.

"செம க்யூட்டா இருக்குல்ல, ஆன்ட்டி? நான்தான் ஓட்டிட்டுப் போறேன். லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது. அப்பா பின்னாடியே எங்க கார்ல வந்து வீடியோ எடுப்பாரு."

"எவ்வளவு தூரம்மா?"

"நாலு மணி நேரம். ஹைவேதான், பறந்துடலாம்."

க்யூட் என்று சொல்ல ஒரு கார்தானா கிடைத்தது என்று நினைத்தாள். அப்பனுக்கு அறிவில்லை, பெண்ணுக்கு அதைத் தேடும் உத்தேசமும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் முன்சக்கரத்து நட்டில் போய் நின்றது. டீ போட உதவி வேண்டும் என்று சொல்லிப் புரொபசரை உள்ளே கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து டீக்கு அவர் உதவி கேட்டதில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"எத?"

"சக்கரத்த. ஹப் நாலும் பக்கம் மாறியிருக்கு. அது அச்சுப் பிழை இல்ல."

வழக்கமான சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் டப்பாவைத் திறந்து சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்ப?"

"போன வருஷம். பழைய கார் குரூப்ல போட்டோ போட்டேன்ல. எவனோ ஒருத்தன் பாத்துட்டு, ஹப்பு மாறியிருக்கு, ஓட்டாதீங்கன்னு எழுதினான். போட்டோவத் தூக்கிட்டேன்."

"மாத்தலியா?"

"மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. ஊரே சிரிக்கும்." டப்பாவை மூடினார். "அதான் வாராவாரம் அடிக்கறேனே. இப்பவும் நல்லா இறுக்கி அடிச்சிருக்கேன். நாலு மணி நேரம் தாங்கும். சுத்தியலையும் குடுத்து, வாரம் ஒரு தடவ அடிக்கச் சொல்லிட்டேன்."

"ஏன் அடிக்கணும்னு சொன்னீங்களா?"

அவர் டப்பாவை அலமாரியில் வைத்தார். "நீதானே வித்துத் தொலைங்கன்னு உயிர வாங்கின? வாய மூடிட்டு இரு. சாயந்தரத்துக்குள்ள வண்டி போயிடும், ஒண்ணாம் தேதி நீ உன் பொண்ணு பக்கத்துல போய் இருக்கலாம்."

எந்த ஊர் சிரிக்கும் என்று யோசித்தாள். இந்தத் தெருவில் ஹப்புக்கும் குடத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவர் யாருமில்லை. முட்டாளோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று முப்பத்தைந்து வருஷமாக நினைத்து வந்தாள். அந்த நினைப்பில் ஒரு சௌகரியம் இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. முட்டாளை இளக்காரமாகப் பார்க்கலாம், பக்கத்தில் படுத்துத் தூங்கவும் செய்யலாம். இந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"அந்தப் பொண்ணு செத்துடுவா" என்றாள்.

"ஏன், உனக்கும்தான் நாலு வருஷமாத் தெரியும்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நீ யார்கிட்ட சொன்ன?"

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். டீ கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. இடுப்பு வலித்தது என்பதை ஒரு பதிலாக யாரிடம் போய்ச் சொல்வது? அவரை அளந்த அதே கோலால் அளந்தால் தானும் அதே உயரம்தான் என்று பட்டது. அடுப்பை அணைத்தாள்.

வெளியே இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கூரையை மடக்கியாயிற்று. பெண் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து தன்னையே போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் மஞ்சள் துணியில் சுற்றிய செம்புச் சுத்தியல். டாக்டர் எதிர்ப்புறம் தன் காரில் ஏறப் போனார். புரொபசர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார், முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டு இறங்கும்மா. அத இப்படிக் குடு" என்று அவள் சமையலறையிலிருந்து வந்து சுத்தியலுக்குக் கை நீட்டினாள்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பெண் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிச் சுத்தியலைக் கொடுத்தாள். அவள் அதை வாங்கிக்கொண்டு முன்சக்கரத்தருகே முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். வலி உயிர் போனது.

"டாக்டர், இங்க வாங்க. இந்தக் காதப் பின்பக்கமா அடிச்சா நட்டு இறுகணும். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. படிச்சது நான்தான்."

"ஏய்! அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு!" என்று கேட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார் புரொபசர்.

ஒன்பது வருஷத்தில் அவள் சுத்தியலைத் தொட்டதில்லை. முதல் அடி தவறி மட்கார்டில் விழுந்தது. கரும்பச்சை உதிர்ந்து வெள்ளையாகப் பள்ளம் விழுந்தது. டாக்டர் "அய்யோ" என்றார். இரண்டாவது அடி காதில் பட்டது. மூன்றாவதில் நட்டு அசைந்தது. அதற்கப்புறம் சுத்தியல் தேவைப்படவில்லை, பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரி கையாலேயே திருகினாள். கனமான நட்டு கழன்று அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்துப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"இறுகணும்னு அடிச்சேன், கழண்டுடுச்சு பாத்தியா? ஓடினாலும் இப்படித்தான் கழலும். நாலுமே இதே கதைதான். எனக்கு நாலு வருஷமாத் தெரியும். சொல்லல. இவருக்கு ஒரு வருஷமாத் தெரியும்."

பெண் கூலிங் கிளாஸைத் தலைக்கு ஏற்றிவிட்டுக் கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு, பெயருக்கு ஒட்டிக்கொண்டு நின்ற சக்கரத்தைப் பார்த்தாள். நட்டின் கிரீஸ் மணிக்கட்டில் வழிந்து வெள்ளைச் சட்டையின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"மாஸ்டர்," என்றார் டாக்டர், "என்ன மாஸ்டர் இது?"

புரொபசர் சக்கரத்தின் பக்கமே திரும்பவில்லை. மட்கார்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "ஏழு கோட்டு" என்றார். "ஏழு கோட்டு அடிச்ச பெயிண்ட்டு." கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அந்தப் பள்ளத்தைத் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் பச்சை உதிர்ந்தது. விரலை மறுபடி நாக்குக்குக் கொண்டு போனார்.