குப்பி மேலே நின்ற காலை

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சூத்திரம். இயற்பியல் வாத்தியார். காப்பி ஆறிப்போச்சே என்று யாராவது சொன்னால்கூட, சூடு எந்த வழியாகப் போனது என்று விளக்கிவிட்டுத்தான் அடுத்த வாய் குடிப்பார். அது போகட்டும், தொழில் புத்தி. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கலாம் என்கிற சின்ன விஷயம் மட்டும் அந்தத் தலையில் ஏறவே இல்லை.

அவளும் அறிவியல் பட்டம் வாங்கியவள்தான். பட்டம் பீரோவில் இருந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். அங்கே ஜன்னலோரம் அவளுடைய கண்ணாடி ஜாடி. ஜாடி நிறையத் தண்ணீர், அதற்குள் காதுமருந்து தீர்ந்துபோன ஒரு குட்டிக் குப்பி, மூடியில்லாமல் தலைகீழாக. குப்பிக்குள் பாதி தண்ணீர், மீதி காற்று. மிதப்பதா முழுகுவதா என்று தயங்குகிற அளவுக்கு அந்தக் காற்றை மருந்தூசிக் குழாயால் அவளே கூட்டிக் குறைத்து வைத்திருந்தாள். குப்பி அடியில் கிடந்தால் வெயில், மேலே வந்து நின்றால் மழை. அதைப் பார்த்துத்தான் மாடியில் துணி காயப்போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியை அம்மாவும் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தலைமையாசிரியை ஜாடியைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்க, அவள் கூச்சத்தோடு சொன்னாள். நம்ம ஆள் சும்மா இருப்பாரா?

"காத்து தண்ணியையும் அமுக்குது, குப்பியையும் அமுக்குது. அழுத்தம் கூடினாலும் குறைஞ்சாலும் மிதக்கிறது மாறவே மாறாது. இது அடுப்புச் சூட்டுல ஏறி இறங்குது. அத வெச்சு இவ வானிலை அறிக்கை வாசிக்கிறா."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அதோடு விட்டாரா? நிரூபித்துக் காட்டுகிறேன் என்று மறுநாள் ஜாடியைப் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அதே ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவளும் விண்ணப்பித்திருந்தாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அது. பழைய பாடப்புத்தகங்களை ஒரு மாதமாக அடுப்படியில் விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

வியாழன்வரை குப்பி அடியிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் கதவைத் திறந்தபோது ஜாடியில் அது மேலே வந்து நின்றது. சுவரிலிருந்த காற்றழுத்தமானியில் பாதரசம், மழைக்கு முன்னால் இறங்குகிற மாதிரி, நன்றாக இறங்கியிருந்தது. அடுப்பு இல்லை, வெயிலும் இல்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தார். குப்பியின் வாய் திறந்திருந்தது. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரியும். விரிந்தால் தண்ணீரை வெளியே தள்ளும். குப்பி இலேசாகி மேலே வரும். மூடிய குப்பிக்கான பாடத்தைத் திறந்த குப்பிக்குச் சொல்லி, வீட்டில் நாலு பேர் சிரிக்கும்படி பெண்டாட்டியைக் கேலி செய்திருந்தார் மனுஷன்.

தாழ்வாரத்து பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் சான்றிதழ்களோடு. அவர் நேரே அவளிடம் போனார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

"தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார்.

"ம்."

"பதட்டப்படாம பேசு." அவ்வளவுதான். இதைப் போய் உள்ளே கேட்கவா போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அதைத்தான் கேட்டார்கள். காற்றழுத்தம் மாறினால் குப்பி மிதப்பது மாறுமா என்று. மாறாது என்று சொன்னாளாம். வேலை வேறொருத்திக்குப் போனது. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "நீங்க சொன்னதத்தான் சொன்னேன்" என்றாள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

பதினொரு வருஷம் திறக்கவில்லை. மழைக்கு மேகம் கூடும்போதெல்லாம் நெஞ்சில் உறுத்தும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுவார். போன மாதம் ஓய்வுபெற்றார். ஆய்வுக்கூடத்து அலமாரியைக் காலி செய்தபோது மூலையில் அந்த ஜாடியும் குப்பியும் தூசி படிந்து கிடந்தன. துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ சொன்னதுதான் சரி. அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தா உனக்கு வேலை கிடைச்சிருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, இருந்திருந்தாலாவது தேவலை.

"எனக்கும் தெரியும்ங்க. பெஞ்சுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். குப்பி மேலேதான் நின்னுச்சு."

"அப்புறம் ஏன் மாறாதுன்னு சொன்னே?"

"தலைமையாசிரியை அம்மா எனக்கு உதவியாத்தான் அதைக் கேட்டாங்க. ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்த ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. மாறும்னு சொன்னா உங்களுக்குத் தெரியலைன்னு ஆகும். நீங்க அந்த முகத்தோட தினமும் அங்க வேலைக்குப் போகணும்." ஜாடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "நீங்க பெஞ்சுகிட்ட வந்தீங்கல்ல, சொல்லத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். உங்க வாயால ஒரு வார்த்தை வந்திருந்தா தைரியமா உள்ள போயிருப்பேன்."

அவர் ஜாடியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தண்ணீர் பிடித்து, குப்பியைக் கவிழ்த்து, பழையபடி ஜன்னலில் வைத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. குப்பி ஒவ்வொரு தடவையும் நேரே அடிக்குப் போனது. எவ்வளவு காற்று விடுவது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"எவ்வளவு காத்து விடணும்? சொல்லேன்" என்றார்.

"எனக்கும் மறந்துபோச்சு. விடுங்க," என்று துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். "இப்பல்லாம் மழை வருமான்னு போன்லயே பாத்துக்கறேன்."