சர்வருக்குக் கால் எங்கே

நாரின் மாவட்ட வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள் இது என்று கால்நடைப் பதிவு அலுவலக இயக்குநர் துர்துபெக் காலை ஒன்பது மணிக்கு அறிவித்தார். மாவட்டத்து ஆடுகள் அனைத்தும் இன்று முதல் புதிய சர்வருக்குள் குடியேறும். துணை அமைச்சர் கெனெஷ் வருகிறார். மலைகளே எழுந்து நிற்கும் என்றுகூடச் சொன்னார். நாரினில் மலைகள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

சர்வர் அறையிலிருந்த கணினிப் பொறுப்பாளர் சைராகுலுக்கு வேறு கவலை. பகல் பன்னிரண்டுக்குள் சர்வர் ஓடாவிட்டால் அவள் வேலை தலைநகரத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விடும். ஆணை தட்டச்சாகி இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஓய்வு பெற அவளுக்கு இன்னும் இரண்டே வருடம்.

புதிய சர்வர் என்றாலும் கண்ணால் காணத் தனிப் பெட்டி கிடையாது. இருக்கும் பெரிய இயந்திரத்துக்குள் ஒரு பங்கைப் பிரித்து ஒதுக்கியிருந்தாள், அவ்வளவுதான். அதற்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் எதிர் மூலைக் கணினியிலிருந்து கேபிள் வழியாக வந்து சேர வேண்டும். அந்தப் பங்கை எழுப்பி, நெட்வொர்க்கில் அந்தக் கணினியைத் தேடச் சொல்லி, பதில் வந்ததும் ஏற்ற ஆரம்பித்தாள். பத்தே முக்காலுக்கு முப்பது சதவீதம் முடிந்திருந்தது.

அப்போது துர்துபெக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலோடு வந்தார். நடை பழகும் குழந்தையின் காலில் அந்த நூலைக் கட்டுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவர் கத்தியால் அதை வெட்டினால் குழந்தை தடுக்கி விழாமல் நடக்கும். சர்வரும் குழந்தைதானே என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு.

“கால் எங்க இருக்கு?”

“அதுக்கு உடம்பே இல்லியே அண்ணே.”

“துணை அமைச்சர்கிட்ட இப்படித்தான் சொல்லுவியா?”

சும்மா கிடந்த சாம்பல் நிறக் கேபிள் ஒன்றில் நூலைக் கட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். சாம்பல் நிறம் துக்க வீடு மாதிரி இருக்கிறது என்று துர்துபெக்குக்குப் பட்டது. அவிழ்த்துப் பளிச்சென்ற மஞ்சள் கேபிளில் கட்டினார். மென்பொருள் வந்துகொண்டிருந்தது அதில்தான்.

துணை அமைச்சர் வந்ததும் தாழ்வாரத்தில் பந்தயம் நடந்தது. முன்னாள் மல்யுத்த வீரரான கால்நடை மருத்துவர் வாசல் வரை முந்தி வந்து, ஷூ கயிறு அவிழ்ந்ததாகக் குனிந்துகொண்டார். அவர் ஷூவில் கயிறே கிடையாது. துணை அமைச்சர் மூச்சிரைக்க முதலில் வந்து, ஒரே வீச்சில் வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். திரை அறுபத்தோரு சதவீதத்தில் நின்றது.

கூட்டம் தேநீருக்கும் உரைக்கும் மண்டபத்துக்கு நகர்ந்தது. துணை அமைச்சர் மட்டும் தொங்கும் மஞ்சள் முனையையும் சைராகுலின் முகத்தையும் பார்த்தபடி நின்றார்.

“அக்கா, நான் நூலை மட்டுந்தானே வெட்டினேன்?”

“இல்லீங்க. காலையும் சேத்து வெட்டிட்டீங்க.”

அவர் கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார். என்ன அவசரம் என்று கேட்டு, பன்னிரண்டு மணிக் கெடுவை அவள் சொன்னதும் வாசலைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“கேபிள மாத்திட்டு முதல்லேருந்து போடணும். நாப்பத்தஞ்சு நிமிஷம்.”

“எனக்கு எழுதிக் குடுத்தது அஞ்சு நிமிஷப் பேச்சு. சரி, நீங்க வேலையப் பாருங்க.”

சாம்பல் நிறக் கேபிளைச் செருகி, பங்கை மறுபடி எழுப்பினாள். பதில் இல்லை. அவசரத்தில் பக்கத்துத் துளையில் செருகியிருந்தாள். மாற்றியதும் பதில் வந்தது. மண்டபத்து ஒலிபெருக்கியில் துணை அமைச்சர் ஆட்டின் பல்லைப் பற்றி ஆரம்பித்து, வாலில் சேரும் கொழுப்புக்கு வந்து, தன் தாத்தாவின் கிடாய் ஒன்று ஆற்றைக் கடந்த விதத்தை இரண்டு தடவை சொன்னார். தேநீர் ஆறிப்போனது. மருத்துவர் தூங்கிவிட்டார்.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு எல்லாம் ஏறி முடிந்து, திரை பயனர் பெயரைக் கேட்டது. சைராகுல் மண்டப வாசலில் வந்து நின்று தலையசைத்தாள். துணை அமைச்சர், “ஆகவே” என்றதோடு உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது என்று துர்துபெக் கண் கலங்க அறிவித்தார். ஆணையை இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டார். சைராகுலின் வேலை நிலைத்தது. சர்வர் அன்றிலிருந்து ஒருநாள்கூட நின்றதில்லை.

ஆடுகளை இன்னும் நோட்டில்தான் பதிகிறார்கள்.