அண்ணியின் கலாத்தியாவும் என் வைத்தியமும்

ஜூலை 11, வெள்ளி

இன்றைய தவறு: குளிர்சாதனப் பழுதுபார்ப்பு மாலை வகுப்பிலிருந்து ஈரப்பதமானியைக் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திங்களன்று திருப்பி வைத்துவிடுவேன். அறையிலிருந்து ஈரத்தை எப்படி வெளியேற்றுவது என்று வாத்தியார் சொல்லித் தருகிறார். நான் அதையெல்லாம் தலைகீழாகக் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் செய்துபார்க்கிறேன். காரணம், அண்ணி தொட்டியில் வளர்க்கும் கலாத்தியாச் செடி.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பேசினால்தானே! "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு அண்ணி." அவ்வளவுதான். என்னைவிட மூத்தவர், இன்னும் எனக்கு 'நீங்க' போடுகிறார். போன ஞாயிறு மதியம், வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியூர் கிளம்பும்போது, தன் அறையிலிருந்து அந்தத் தொட்டியைத் தூக்கிவந்து என்னிடம் கொடுத்தார்.

"இவர்கிட்ட குடுத்தா செத்துரும். நீங்க பாத்துக்குவீங்களா?"

கட்டிய புருஷனை விட்டுவிட்டு என்னை நம்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால்தான் "ஈரமான காத்துன்னா அதுக்கு உயிர்" என்றது மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் விழவில்லை.

அப்போது இலைகள் அகலமாக விரிந்திருந்தன. இளம்பச்சையில் கரும்பச்சைக் கோடுகள், யாரோ மெல்லிய தூரிகையால் பொறுமையாக இழுத்தது போல. திங்கள் இரவு வகுப்பு முடிந்து வந்து பார்க்கிறேன், கோட்டையும் காணோம், பச்சையையும் காணோம். இலையெல்லாம் செங்குத்தாக விறைத்து நிற்கிறது. நிறம் ஊதா. குளிரில் நடுங்குகிறவன் உதடு மாதிரி.

பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்தில் கெட்டிலை வைத்து ஆவி பிடிக்க வைத்தேன். நாற்காலிகளில் ஈரத் துண்டுகளை விரித்தேன். அன்றிலிருந்து தினமும் இதே வைத்தியம். விடியுமுன் ரொட்டித் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது பார்த்தாலும் அதே விறைப்பு. அண்ணிக்குப் போன் செய்து கேட்கலாம். கேட்டால், நம்பியது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்று அண்ணன் சட்டையை உதறிக்கொண்டே வந்தான்.

"இது வீடா, வெந்நீர் அண்டாவா? ஒரு சட்டை காய மாட்டேங்குது."

"சட்டையா முக்கியம்? செடி சாகக் கிடக்குது."

"சாகுதா? காலைல நான் பஸ் எடுக்கப் போறப்ப நல்லாக் கைய விரிச்சுக்கிட்டு நின்னுச்சே, இஞ்சினியரம்மா!"

ஆக, என் வைத்தியம் பலிக்கிறது, மாலைவரை தாங்கத்தான் மாட்டேன் என்கிறது என்று முடிவு கட்டினேன். இன்னொரு குவளை கூடுதலாக ஊற்றினேன். ஈரப்பதமானியின் முள் போவதற்கு இடமில்லாமல் கடைசிக் கோட்டில் நிற்கிறது.

ஜூலை 12, சனி

வேலையும் இல்லை, வகுப்பும் இல்லை. எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. செடி அத்தனை இலையையும் விரித்துக்கொண்டு நின்றது. பெரிய வைத்தியர் தோரணையில் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எப்போது நோய் திரும்புகிறது என்று கையும் களவுமாகப் பிடிப்பதாகத் திட்டம்.

வெளிச்சம் மங்க மங்க ஓர் இலை மெல்ல எழுந்தது. அப்புறம் இன்னொன்று. வாட்டமில்லை, வதங்கலில்லை. வேலை முடிந்து குடையை மடக்கி மூலையில் சாத்துவது போல ஒவ்வொன்றாக எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இலையின் முதுகே ஊதாதான்.

தூங்கப் போகிறது. தினமும் தூங்கத்தான் போயிருக்கிறது. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிற நான், இந்த வாரம் அது விழித்திருந்ததைப் பார்க்கவே இல்லை.

சிரிப்பு வந்தது. தொட்டியைத் தூக்கியதும் நின்றுவிட்டது. கல்லாகக் கனத்தது. அடித்தட்டில் தேங்கிய தண்ணீரிலிருந்து நாற்றம் வந்தது. மண்ணை ஒட்டி இரண்டு இலைகள் மஞ்சளாகியிருந்தன. இது நிஜ நோய். நானே கொடுத்தது.

மஞ்சள் இலைகளை வெட்டி எறிந்துவிட்டுச் சும்மா இருக்கலாமா என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். நாளை அண்ணி "தேங்க்ஸ்" என்பார். நான் "பரவாயில்ல அண்ணி" என்பேன். இன்னொரு வருடம் சாப்பிட்டீங்களா, ஆச்சு என்று ஓடிவிடும். இந்தச் செடி செத்தால் அதுகூட இருக்காது.

போன் செய்தேன். வகுப்புக் குறிப்பை ஒப்பிப்பது போல, திங்களில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன். கெட்டில் வந்தபோது மறுமுனையில் மூச்சுத் திணறுவது போல ஒரு சத்தம்.

"அண்ணி?"

சிரிக்கிறார்.

"அடிப்பாவி! தூங்குறவள எழுப்பி எழுப்பித் தண்ணி குடுத்தா யாருக்குடி உடம்பு தாங்கும்?"

"வேர் அழுகியிருக்குமா அண்ணி?"

"கொஞ்சம் அழுகியிருக்கும். அழுகினத வெட்டிட்டு வேற மண்ணுல வெச்சுப் பாப்போம், நீயும் நானும். பொழைச்சா பொழைக்கட்டும். நான் வர்ற வரைக்கும் நீ அது பக்கமே போகாத."

"தட்டுல இருக்கற தண்ணிய மட்டும் கொட்டிரவா?"

"கொட்டு. ஆமா, உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"சொல்லாத. நம்ம மானம் போயிரும்."

அடிப்பாவி என்று திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷமாகத் திரிகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். தட்டைக் கழுவினேன். ஜன்னலைத் திறந்தேன். அண்ணன் சட்டை காற்றில் ஆடுகிறது.

நாளை: அண்ணி வருவதற்குள் புது மண்ணும் ஒரு தொட்டியும் வாங்கி வைக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.