பின்கதவுச் சாவி

1
இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. அக்காவின் மெத்தைக் கம்பெனிக்கு இருபத்தைந்து வயதாகிறது. விழா மலருக்கு எழுத அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. "டேய், சமுதாயத்துல தொழிலோட பங்குன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுடா. படிச்சா நெஞ்சு நிமிரணும்" என்றாள். இன்று காலை கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'தொழில் என்பது நாற்பது வீட்டு அடுப்புகளை எரிய வைக்கும்...'

(அடித்துவிட்டேன். எரிவதைப் பற்றிய பேச்சே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

2
கட்டுரை வரவில்லை, கதையாக்கினேன். கதைக்குக் கெட்டவர் ஒருவர் வேண்டுமே! அக்காவைப் பேராசைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பாத்திரம் நிற்கவில்லை. வேலையின் நடுவே பிரசவ வலி கண்டவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவள் அவள். அங்கே வேலை செய்யும் நாற்பது பேரின் பிள்ளைகளும் என்ன படிக்கிறார்கள் என்று சொல்லுவாள். அதே அக்காதான், துணி ரோல்கள் காணாமல் போகின்றன என்று பின்கதவைப் பூட்டி வைத்திருக்கிறாள். உள்ளே கூரை வரை ஸ்பாஞ்ச். ஒரு பொறி போதும்.

(கட்டுரையில் இதை எங்கே சேர்ப்பது? 'பொறுப்பு' என்ற தலைப்பிலா, 'நம்பிக்கை' என்பதிலா?)

3
துணி வெட்டும் அம்மாதான் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"சார், நாங்க சொன்னா மேடம் காதுல ஏற மாட்டேங்குது. முன்பக்கம் தீப்புடிச்சா நாங்க எங்க ஓடுறது? கூடப் பொறந்தவர் நீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேம்மா."

(இங்கே அக்காவோடு நான் வீராவேசமாக வாதாடும் காட்சி ஒன்று இருந்தது. பொய். கிழித்துவிட்டேன்.) அக்காவின் முகத்தைப் பார்த்ததும் விழா மலரைப் பற்றித்தான் பேசினேன்.

4
இனி மறைத்துப் பயனில்லை. புது ஷெட்டைக் காட்டுவதற்காக அக்கா பின்கதவைத் திறந்திருந்தாள். அவளுக்குப் போன் வந்தது. "பூட்டிட்டு, சாவிய என் ரூம் ஆணியில மாட்டிடு" என்று நகர்ந்துவிட்டாள்.

பூட்டியது நான். அந்த நேரம் பார்த்து அந்த அடுப்பு வரி தோன்ற, அதையே முணுமுணுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பேனாவைத் தேடியபோது சட்டைப் பையில் சாவி. ஆணியில் இருந்தாலாவது ஆபத்துக்கு யாராவது ஓடிப்போய் எடுக்கலாம்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"சாயந்தரம் கொண்டுவாடா. அந்தப் பக்கம் யாருக்கு என்ன வேலை? கட்டுரை முடிஞ்சுதா?"

"வேற சாவி இருக்காக்கா?"

"அந்த ஒண்ணுதான். தொலைச்சிடாத."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

5
முடிவு அ: மாலையில் சாவி ஆணிக்குத் திரும்புகிறது. ஒன்றும் நடக்கவில்லை. விழாவில் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

முடிவு ஆ: எழுதக் கை வரவில்லை.

முடிவு இ: இப்போதே போய்க் கொடுத்துவிடுகிறேன். யாரிடம்? அக்காவிடம் கொடுத்தால் கதவு பூட்டியே கிடக்கும். துணி வெட்டும் அம்மாவிடம் கொடுத்தால் அக்கா ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டாள்.

இந்த மூன்றையும் எழுதிய நேரத்தில் பாதி வழி போயிருக்கலாம். நாற்பது பேர் உள்ளே இருக்க, நான் வரிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. சாவி யார் கைக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் வண்டியை எடு...