நாலு மணி என்று போட்ட ஆட்டம்

ஊரில் எந்த மைதானத்தில் பந்து உருண்டாலும் அவருக்குத் தெரியும். ஒன்றையும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நாளிதழில் ‘நேற்றைய முடிவுகள், இன்றைய ஆட்டங்கள்’ பத்தியை இருபத்திரண்டு வருடமாகப் போட்டுவருகிறார். ஆட்டம் நடக்கும் நேரத்தில்தான் அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. மகள் பதினொரு வருடமாகக் கால்பந்து ஆடுகிறாள். அவள் போட்ட கோல்களையும் தொலைபேசியில் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

இப்போது மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் கடைசி.

“இதுக்காவது வருவீங்களாப்பா?”

“கண்டிப்பா வரேன். எத்தன மணிக்கு?”

“என்னக் கேட்டா? நீங்கதானே பேப்பர்ல போடுறீங்க!”

ஆசிரியரோடு மல்லுக்கட்டி மாலை ஆறு மணி வரை அனுமதி வாங்கினார். சனிக்கிழமை, வழக்கம்போலப் போன வாரப் பத்தியைத் திறந்து அதன் மேலேயே புது விவரங்களை அடித்தார். அப்படிச் செய்தால் வேலை சட்டென்று முடியும். அணிகள் மாறின, மைதானம் மாறியது. போன வாரத்து ‘மாலை 4 மணி’ மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலையிலேயே மகள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் சலவைச் சட்டையோடு மூன்றே முக்காலுக்கு மைதானத்தில் ஆஜரானார். காவலாளி வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு மணி ஆட்டம் சார். எப்பவோ முடிஞ்சிடுச்சு.”

பக்கத்தில் நாலைந்து பேர் பேப்பரும் கையுமாக நின்றார்கள். “எவன்யா இதப் போட்டவன்?” என்று ஒருவர் கத்தினார். இவரும் தலையை ஆட்டிவைத்தார், வேறென்ன செய்வது? மகளுக்குப் போன் போட விரல் போனது, வாய் வரவில்லை.

நேரே அலுவலகம் போய், எப்போதும்போல ஸ்கோர் எழுதுபவரைப் போனில் பிடித்தார். “ஒண்ணுக்கு பூஜ்யம். அறுபத்தெட்டாவது நிமிஷம், உங்க பொண்ணுதான் சார்!” அதை ஒரு வரியாக எழுதினார். கீழே திருத்தமும் போட்டார்.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் மகள் பேப்பரைச் சத்தமாகப் படித்தாள். “‘ஆட்ட நேரம் தவறாக வெளியானதற்கு வருந்துகிறோம்.’ சரி, வாசகர்கள்கிட்ட சொல்லியாச்சு. எங்கிட்ட?”

“தப்பு என்னோடதுதாம்மா. மன்னிச்சுடு. நீ ஆடுறத ஒரு தடவையாவது கண்ணால பாத்துடணும்னு இருந்தேன்.”

“கோல் போட்டதும் முதல்ல நீங்க இருக்கீங்களான்னுதான் திரும்பிப் பாத்தேன்,” என்றாள் மகள். அதைக் கேட்டதும் அவருக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

போகவிடவில்லை அவள். உப்பு ஜாடியை அவர் முன்னால் நகர்த்தினாள். “இதுதான் கோல்கீப்பர்.” இரண்டு டம்ளர்களைக் குறுக்கே வைத்தாள். “இவங்க தடுக்கிறவங்க.” அம்மா உரித்துவைத்திருந்த பட்டாணியில் ஒன்றை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். “நான் இங்கருந்து வரேன்.”

“சாப்பாட்டுச் சாமான்ல என்ன விளையாட்டு?” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகள் விரலால் சுண்டினாள். பட்டாணி டம்ளர்களுக்கு நடுவே ஓடி, ஜாடியைத் தாண்டி, அவர் மடியில் விழுந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பட்டாணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இன்னொரு தடவ போடும்மா.”